கட்டு போடுறதுக்கு முன்னாடி... ஒரு சீட்டு!

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்... இந்தப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம். இன்னொரு பக்கம் காமராஜர் துறைமுகம், அதையும் தாண்டி காட்டுப்பள்ளி. நடுவில் மணலியின் ஆலைகள். இத்தனைக்கும் போக வர இருக்கிற சாலைகளில்தான் நம்ம பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போகிறார்கள், நம்ம வீட்டுப் பெண்கள் ஸ்கூட்டியில் மார்க்கெட்டுக்குப் போகிறார்கள். எண்ணூர் விரைவு சாலையில் ராத்திரி எட்டு மணிக்குமேல் ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஓரத்தில் விளக்குகூட இல்லாமல் நிற்கும் டிரெய்லர்கள். பக்கத்திலேயே நாற்பதடி கன்டெய்னரைச் சுமந்துகொண்டு உரசிப் போகும் இன்னொன்று.

அடிபட்டவர்கள் நிறையப் பேர் என் மாதிரி சித்த மருத்துவரிடம்தான் முதலில் வருகிறார்கள். "ஒரு கட்டு போட்டு வுட்டுடுங்க டாக்டரே... ஆஸ்பத்திரி, போலீசுன்னு அலைய முடியாது" என்பார்கள். இல்லாவிட்டால் நேரே ஆந்திராவின் புத்தூருக்கு வண்டி பிடித்து, முட்டை வெண்கருவும் மூங்கில் பத்தையுமாகக் கட்டு போட்டுக்கொண்டு திரும்புவார்கள். பரம்பரை எலும்பு வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதையும் படித்துத்தானே பட்டம் வாங்கியிருக்கிறேன்? ஆனால் ரோட்டில் வண்டி மோதி அடிபட்டவர் யாராக இருந்தாலும், முதலில் போக வேண்டிய இடம் ஸ்டான்லி மாதிரி ஒரு பெரிய மருத்துவமனைதான். என்னிடம் வருவது அதற்குப் பிறகுதான்.

இதற்கு இரண்டு காரணம். முதல் காரணம் உடம்பு. தலையில் அடிபட்டவர் ஒரு மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார், பிறகு மயங்கி விழுவார். வயதானவர்களுக்கு மண்டைக்குள் மெல்லக் கசியும் ரத்தம் சில வாரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும். உள்ளே எலும்பு எப்படி உடைந்திருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்காமல் இறுக்கிக் கட்டினால், ரத்த ஓட்டம் நின்று விரல்கள் நீலம் பாரித்து, காலையே எடுக்க வேண்டிய நிலை வரும். புதுக் காயத்தின் மேல் எண்ணெய் போட்டு நீவுவதும் ஆபத்து.

இரண்டாவது காரணம் பணம். நஷ்டஈடு. இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "வைத்தியருக்கு எதுக்கு கோர்ட்டு விவகாரம்?" என்று கேட்காதீர்கள். கால் கட்டைப் பிரித்த பிறகு அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடுகிறது என்பதும் ஆரோக்கியத்தோடு சேர்ந்த விஷயம்தானே? நான் வக்கீல் அல்ல. ஆனால் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பாதிக்குப் பாதி மருத்துவக் காகிதத்தில்தான் இருக்கிறது. அந்தக் காகிதம் எங்கே, எப்படி உண்டாகிறது என்பதை ஒரு மருத்துவன் சொல்வது பொருத்தம்தான்.

"கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லாதீர்கள்!

அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குள் நுழைந்ததும் பணியில் இருக்கும் டாக்டர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, "என்ன ஆச்சு?" நீங்கள் சொல்லும் பதில் அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறும். ஏ.ஆர். என்பார்கள். எத்தனை மணிக்கு வந்தார், யார் கொண்டு வந்தது, எந்த இடத்தில், எந்த வண்டி, நினைவு இருக்கிறதா, மதுவாடை அடிக்கிறதா, எங்கெங்கே காயம்... எல்லாம் அதில் இருக்கும். விபத்து நடந்த அன்றைக்கே, எந்த லாபமும் எதிர்பார்க்காத ஒருவர் கையால் எழுதிய முதல் சாட்சி அது.

போலீஸ் கேஸ் வேண்டாம் என்று பயந்து நம்ம ஜனங்கள் அங்கே என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "வண்டி ஸ்லிப் ஆகி நானே விழுந்துட்டேன் சார்." அவ்வளவுதான். டாக்டரும் அப்படியே எழுதிவிடுவார். பத்து நாள் கழித்து ஆபரேஷன் செலவைப் பார்த்து மலைத்துப்போய், "லாரி இடிச்சிடுச்சு" என்று புகார் கொடுத்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஏ.ஆர். நகலைத்தான் முதலில் நீட்டுவார். "அன்னிக்கு நீங்களே விழுந்ததாச் சொன்னீங்களே, இப்ப எங்கிருந்து லாரி வந்துச்சு?" பதில் சொல்ல முடியாது. உண்மையிலேயே லாரி இடித்திருந்தாலும்!

அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். வண்டி எண் தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால் "கன்டெய்னர் லாரி, நம்பர் பார்க்கலை" என்று சொல்லுங்கள். பேச முடியாத நிலையில் இருந்தால், கூட வந்தவர் விவரம் தெரிந்து பேச வேண்டும். மயக்கம் வந்ததா, வாந்தி எடுத்தாரா, காதில் மூக்கில் ரத்தம் வந்ததா என்பதையும் மறக்காமல் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். பின்னாளில் "ஞாபக மறதி, தலைசுற்றல், அடிக்கடி கோபம்" என்று வரும்போது, அதற்கு வேர் அன்றைக்கு எழுதிய அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

"போலீஸ் வந்தாத்தான் பார்ப்போம்" என்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. முதலில் உயிர், பிறகுதான் சட்ட நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. அது அரசு டாக்டருக்கும் பொருந்தும், தனியார் டாக்டருக்கும் பொருந்தும். அடிபட்டவரைத் தூக்கி வந்து சேர்த்தவரையும் யாரும் தொல்லைப்படுத்தக் கூடாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அவருக்குப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். பணம் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை என்று ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். சேர்க்கும்போதே இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

லாரி நம்பர்... பெட்டி நம்பர்!

மருத்துவமனையிலிருந்து போலீசுக்குத் தகவல் போகும். அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஒருவர் போய்ப் புகார் எழுதிக் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலை வாங்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அது இலவசம். சென்னையில் விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவுதான் விசாரிக்கும். எந்த ஸ்டேஷன் எல்லை என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பகுதிக்கென்றே ஒரு விஷயம் சொல்கிறேன். டிரெய்லர் லாரி இடித்தால், முன்னால் இழுக்கும் வண்டிக்கு ஒரு எண், பின்னால் வரும் டிரெய்லருக்கு வேறொரு எண் இருக்கலாம். இரண்டையும் குறியுங்கள். இரண்டும் கண்ணில் படவில்லையா? கன்டெய்னர் பெட்டியின் மேல் பெரிதாக நான்கு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும் எழுதியிருக்கும். உலகத்தில் எந்தப் பெட்டிக்கும் அதே எண் இன்னொரு தடவை வராது. பெட்டி எண் கிடைத்தால், அதை அன்றைக்கு எந்த லாரி ஏற்றிப் போனது என்று துறைமுகப் பதிவுகளில் போலீஸ் தேட முடியும். பெட்ரோல் பங்க், குடோன், கடை வாசல் கேமராப் பதிவுகள் சில நாளில் தானே அழிந்துவிடும். அடுத்த நாளே போய்க் கேட்க வேண்டும். இடித்த வண்டி எது என்று தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் நடுவில் எவ்வளவு லட்சம் வித்தியாசம் என்பதைக் கீழே சொல்கிறேன். அப்போது புரியும்.

நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதிவிட்டால்? "நாமதானே போய் மோதினோம், நஷ்டஈடு எப்படிக் கேக்கறது?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தப்பு. ராத்திரியில் விளக்கு, எச்சரிக்கைக் குறி எதுவும் இல்லாமல் நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்துவதே குற்றம். அப்படி நின்ற டேங்கர் மேல் கார் மோதிய வழக்கில் 2018-லும், நடுரோட்டில் விட்டுப்போன லாரி மேல் கார் மோதிய வழக்கில் 2024-லும், மோதியவர் மீது பாதிப் பழியைப் போட்ட தீர்ப்புகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதனால் லாரி நின்ற இடத்தை, விளக்கு இல்லாததை, எந்தப் பலகையும் வைக்காததை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். இப்போது எல்லார் கையிலும்தான் செல்போன் இருக்கிறதே!

பைக்கில் மூன்று பேர் போனதாலேயே நஷ்டஈடு போய்விடாது. அந்த மூன்றாவது ஆளால்தான் விபத்து நடந்தது என்று நிரூபித்தால்தான் குறைக்கலாம் என்று 2020-ல் ஒரு தீர்ப்பு இருக்கிறது. (இதைப் படித்துவிட்டு மூன்று பேராகக் கிளம்பிவிடாதீர்கள். எலும்புக்குத் தீர்ப்பு தெரியாது!)

இன்னொரு சந்தேகம் அடிக்கடி வரும். "டிரைவரைக் கோர்ட்டில் விடுதலை பண்ணிட்டாங்க, இனிமே பணம் வருமா?" வரும். குற்ற வழக்கு வேறு, இழப்பீட்டு வழக்கு வேறு. இதற்கு நம் தமிழ்நாட்டு வழக்கே முன்னோடி. என்.கே.வி. பிரதர்ஸ் என்ற கம்பெனியின் பஸ் இருட்டில், தாழத் தொங்கிய உயரழுத்த மின்கம்பியில் மோதியது. 26 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 8 பேர் அங்கேயே இறந்தார்கள். ‘தெய்வச் செயல்’ என்று டிரைவர் விடுதலையாகிவிட்டார். ஆனாலும் கம்பெனி இழப்பீடு தந்தே ஆக வேண்டும் என்று 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். சிறைக்கு அனுப்பத் தேவையான நிரூபணம் பெரியது. நஷ்டஈட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

"எப்ப வேணாலும் போடலாம்" என்பது பழைய கதை

பெரியவர்கள் சொல்வார்கள், "எம்.சி.ஓ.பி. கேஸுக்கு டைமே கிடையாதுப்பா, எப்ப வேணாலும் போடலாம்" என்று. அவர்கள் பொய் சொல்லவில்லை. 1994-ல் காலவரம்பை எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு 27 வருடம் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2019 திருத்தத்தில், விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று மறுபடி கொண்டுவந்தார்கள். 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலுக்கு வந்தது. இதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டன. காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி உட்காருவது, காய்ச்சல் விட்டது என்று பத்தியத்தை விடுகிற மாதிரி. ஆறு மாதம் என்றே மனதில் வையுங்கள். தொடை எலும்பு கூடி, ஆள் எழுந்து நடமாடவே நாலைந்து மாதம் ஆகிவிடுகிறது. நோயாளி குணமான பிறகு பார்த்துக்கலாம் என்று இருந்தால் நாள் போய்விடும்.

மனுவை எங்கே போடுவது? விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம், எதிராளி இருக்கும் இடம், இந்த மூன்றில் எதற்கு உரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். சென்னைக்காரர்களுக்கு உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றம்தான் அந்தத் தீர்ப்பாயம்.

போலீசுக்கும் இதில் கடமை உண்டு. 2022 விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்தில் முதல் அறிக்கையும், 90 நாளில் முழு அறிக்கையும் தீர்ப்பாயத்துக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் போக வேண்டும். அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அந்த அறிக்கையையே மனுவாக ஏற்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் வழக்கில் அறிக்கை போயிற்றா என்று ஸ்டேஷனில் கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

எந்தக் கதவைத் தட்டுவது?

இடித்த வண்டி எது என்றே தெரியவில்லை என்றால், இறப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50 ஆயிரம். 2022 ஏப்ரல் வரை இது வெறும் 25 ஆயிரம், 12,500 என்றுதான் இருந்தது. இதற்கு கோர்ட் வேண்டாம். விபத்து நடந்த தாலுகாவின் விசாரணை அலுவலரிடம் மனு கொடுக்க வேண்டும். பணத்துக்கு உத்தரவிடுபவர் மாவட்ட ஆட்சியர். இங்கே ஒரு குழப்பம் வரும். திருவொற்றியூர் தாலுகா 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. ஆனால் மீஞ்சூரும் காட்டுப்பள்ளியும் பொன்னேரி தாலுகா, திருவள்ளூர் மாவட்டம். எங்கே இடித்தது என்பதைப் பார்த்து மனு கொடுங்கள். இல்லையென்றால் "இங்க இல்ல, அங்க போங்க" என்று அலைய விடுவார்கள்.

வண்டி தெரிந்தால், யார் மீது தப்பு என்றே பார்க்காமல் கிடைக்கும் தொகை ஒன்று உண்டு. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். கொடுங்காயம் என்றால் கை கால் போவது மட்டும் இல்லை. எலும்பு முறிந்தாலும், பல் உடைந்தாலும் சட்டப்படி அது கொடுங்காயம்தான்.

மூன்றாவது, முழு இழப்பீடு. எதிராளியின் கவனக்குறைவைக் காட்டி, வருமான இழப்பைக் கணக்குப் போட்டுக் கேட்பது. இங்கேதான் எச்சரிக்கை. விபத்து நடந்த கொஞ்ச நாளில் சமரசத் தொகையோடு சிலர் வருவார்கள். முதலில் சொன்ன 5 லட்சத்தையோ இரண்டரை லட்சத்தையோ கம்பெனி நடைமுறைப்படி ஏற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டால், தீர்ப்பாயத்தில் போட்ட மனு காலாவதியாகிவிடும். துக்க வீட்டில் யாராவது பேப்பரை நீட்டினால், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏன் என்று ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். 34 வயது, சொந்தத் தொழில், மாதம் 18 ஆயிரம் வருமானம். மனைவி, இரண்டு குழந்தை, தாயார் என்று நாலு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். அவர் விபத்தில் இறந்துபோனால்... நாற்பது வயதுக்குள் என்பதால் எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும். 25,200 ஆச்சு. அவர் சொந்தச் செலவுக்குக் கால்வாசி கழித்தால் 18,900. வருடத்துக்கு 2,26,800. அவர் வயதுக்குரிய பெருக்கல் எண் 16. பெருக்கினால் 36,28,800 ரூபாய்! இதற்கு மேல் ஈமச்சடங்கு, குடும்பத்தார் இழந்த துணை என்று தனித் தொகைகளும் உண்டு. ஐந்து லட்சம் எங்கே, முப்பத்தாறு லட்சம் எங்கே! வண்டி எண்ணே கிடைக்காவிட்டால் வெறும் இரண்டு லட்சம்தான். பெட்டி எண்ணைக் குறிக்கச் சொன்னது இதற்குத்தான்.

இந்த எண்களை வக்கீல் கற்பனையாகச் சொல்வதில்லை. 2009-ல் வந்த சர்லா வர்மா தீர்ப்பு வயதுவாரியாகப் பெருக்கல் எண்ணை வகுத்தது. 15 முதல் 25 வயதுவரை 18. அப்படியே இறங்கி, 65-க்கு மேல் 5. எதிர்கால உயர்வைச் சொன்னது 2017-ல் ஐந்து நீதிபதிகள் தந்த பிரணய் சேத்தி தீர்ப்பு. சம்பளச் சீட்டு இல்லாத மீனவர், மூட்டை தூக்குகிறவர், கான்ட்ராக்ட் தொழிலாளி என்பதற்காகக் குறைந்தபட்சக் கூலியோடு நிறுத்திவிடக் கூடாது என்றும் 2021-ல் சொல்லியிருக்கிறார்கள். வங்கி பாஸ்புக், செல்போனில் வந்த பண வரவு, கனரக லைசென்ஸ், சங்க அட்டை எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். எல்.ஐ.சி. பணம் வந்ததைச் சொல்லி இழப்பீட்டைக் குறைக்க முடியாது. 1998-லேயே தீர்ந்த விஷயம் அது.

வேலை நேரத்தில் அடிபட்ட தொழிலாளி என்றால் தொழிலாளர்களுக்கான சட்டத்தின் கீழும் இழப்பீடு கேட்கலாம். ஆனால் இரண்டில் ஒன்றுதான். முதலில் கணக்குப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். யார் மீதும் தப்பில்லை, தானே சறுக்கி விழுந்தார் என்றால், அவருடைய சொந்த பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு இருக்கிறதா பாருங்கள். பிரீமியத்தைக் குறைக்க அதை வேண்டாம் என்று விட்டவர்கள் ஏராளம்!

முப்பது சதவீதமா, பாதியா?

இப்போது என் துறைக்கு வருகிறேன். உயிர் பிழைத்தவருக்கு வழக்கின் உயிர்நாடி ஊனத்தின் அளவுதான். மருத்துவக் குழு பரிசோதித்து "வலது காலில் 30 சதவீதம்" என்று எழுதுகிறது. இது அந்தக் கால் எவ்வளவு கெட்டது என்ற கணக்கு. முழு உடம்புக்கும் 30 என்று அர்த்தமில்லை. இதைப் பார்த்து "அவ்வளவுதானா?" என்று சோர்ந்து போகிறவர்களும் உண்டு, "முப்பது வந்துடுச்சு" என்று திருப்திப்படுகிறவர்களும் உண்டு. இரண்டும் சரியில்லை.

2010-ல் ராஜ்குமார் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல பாகுபாட்டைச் சொன்னது. உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு. இடது கை போனால், டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போய்விடும். அதே கை போன குமாஸ்தா வேலையில் தொடரலாம். ஊனம் ஒன்றுதான், நஷ்டம் ஒன்றல்ல. எந்த வேலை செய்தார், இப்போது அதைச் செய்ய முடியுமா, வேறு வேலைக்கு வழி உண்டா என்று பார்த்துத்தான் தீர்ப்பாயம் முடிவு செய்ய வேண்டும்.

42 வயது ஆட்டோ ஓட்டுநரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 15 ஆயிரம். தொடை எலும்பு கோணலாகக் கூடி, முழங்கால் முழுக்க மடங்கவில்லை. வருமானத்தோடு 25 சதவீதம் கூட்டி, 12-ஆலும் 14-ஆலும் பெருக்கினால் 31,50,000. இதில் 30 சதவீதம் என்றால் 9,45,000. தொழில் பாதி போயிற்று என்று தீர்ப்பாயம் ஏற்றால் 15,75,000. ஆறு லட்சத்துக்கு மேல் வித்தியாசம்! இந்த வித்தியாசத்தை உண்டாக்குவது, சிகிச்சை கொடுத்த டாக்டர் எழுதும் சில வரிகள்தான். "முழங்கால் இத்தனை டிகிரிதான் மடங்குகிறது, தரையில் உட்கார முடியாது, படி ஏறும்போது பிடிமானம் வேண்டும், தொடர்ந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து வண்டி ஓட்ட முடியாது" என்று இருக்க வேண்டும். அதனால் ரெவ்யூவுக்குப் போகும்போது "பரவால்ல சார், நல்லா இருக்கேன்" என்று மரியாதைக்காகச் சொல்லாதீர்கள். முடியாததை முடியாது என்று சொல்லி எழுத வையுங்கள். இல்லாத வலியைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். தசையின் சுற்றளவும் படமும் காட்டிக் கொடுத்துவிடும்.

சிகிச்சையே கொடுக்காத டாக்டரிடம் காசு கொடுத்து "60 சதவீதம்" என்று சான்றிதழ் வாங்கித் தருகிற புரோக்கர்கள் உண்டு. இப்படிப்பட்ட ரெடிமேட் சான்றிதழை நம்ப வேண்டாம் என்று அதே தீர்ப்பு தீர்ப்பாயங்களை எச்சரித்திருக்கிறது. நான் எழுதும் சீட்டையும் ஊனச் சான்றிதழாகக் கொண்டுபோக வேண்டாம். அதற்கு அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழுதான்.

பில் விஷயம். ஆட்டோ கூலி, கட்டில் வாடகை, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு எல்லாவற்றுக்கும் தனித்தனித் தலைப்பு உண்டு. நாம் வைத்துக் கொடுக்கும் ஆட்டுக்கால் சூப்புக்குக்கூட ‘சத்துணவுச் செலவு’ என்று ஒரு தலைப்பில் நம்ம ஊர்த் தீர்ப்பாயங்கள் தொகை எழுதுகின்றன!

"அவங்க வீட்லதானே இருந்தாங்க?"

இல்லத்தரசி அடிபட்டால் இப்படித்தான் கேட்கிறார்கள். சம்பளம் இல்லை, அதனால் நஷ்டம் இல்லையாம்! காலை நாலரைக்குக் கார்ப்பரேஷன் தண்ணி பிடிப்பதில் தொடங்கி, ராத்திரி அடுப்பைத் துடைக்கிறவரை அவர் செய்த வேலைக்கு ஆள் வைத்துப் பாருங்கள், தெரியும். 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கமாகவே பேசியது. வீட்டுவேலைக்குப் பெண்கள் தினமும் சராசரி 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் செலவிடுவதாக 2019-ன் தேசியக் கணக்கெடுப்பைக் காட்டி, இல்லத்தரசிக்கும் வருமானம் நிர்ணயிக்க வேண்டும், எதிர்கால உயர்வும் சேர்க்க வேண்டும் என்றது. என் அனுபவத்தில், மணிக்கட்டு உடைந்து சரியாகக் கூடாத பெண்கள்தான் வழக்கே போடாமல் விடுகிறார்கள். மாவு பிசைய முடியவில்லை, துணி பிழிய முடியவில்லை. "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே சமாதானம் சொல்லிவிடுகிறார்கள். மணிக்கட்டும் சம்பாதிக்கிற உறுப்புதான் ஐயா.

வக்கீல் விஷயத்திலும் ஜாக்கிரதை. மருத்துவமனை வாசலிலேயே வந்து "கேஸை எங்ககிட்ட குடுங்க, வர்றதுல முப்பது பர்சென்ட்" என்பவர்கள் உண்டு. வருகிற தொகையில் பங்கு பேசுவது வக்கீல்களின் நடத்தை விதிப்படி தவறு. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் இவர்களுக்கெல்லாம் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். லோக் அதாலத்தில் சீக்கிரம் முடியும் என்பதும் உண்மை. ஆனால் அங்கே ஒப்புக்கொண்டால் அப்பீல் கிடையாது. நம்ம கணக்கு எவ்வளவு வருகிறது என்று முன்பே போட்டுப் பார்த்துவிட்டுப் போய் உட்காருங்கள். தொகை நேரடியாகவே உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025-ல் வழிகாட்டியிருக்கிறது. மனுப் போடும்போதே கணக்கு விவரத்தைக் கொடுங்கள், நடுவில் யார் கையும் வேண்டாம்.

எலும்பு கூடிவிட்டது என்று எக்ஸ்ரேயில் டாக்டர் சொன்ன பிறகு மூட்டு இறுக்கத்துக்கு, தசைச் சூம்பலுக்கு எங்களிடம் வாருங்கள். பிண்டத் தைலம், உளுந்துத் தைலம் போட்டு ஒற்றடம், தொக்கணம் என்று முறையாகச் செய்தால் நல்ல குணம் தெரியும். உள்ளே பிளேட்டோ ஸ்க்ரூவோ வைத்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரா என்று பார்த்து, அவருடைய பதிவு எண்ணும் தேதியும் போட்ட ரசீதாகக் கேட்டு வாங்குங்கள். வெறும் துண்டுச் சீட்டு கோர்ட்டில் நிற்காது. ஏ.ஆர். நகல், எஃப்.ஐ.ஆர்., டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே எல்லாம் இருக்கும் அதே பையில் இந்த ரசீதையும் போட்டு வையுங்கள். எக்ஸ்ரேயை மட்டும் மடிக்காதீர்கள். மொட்டை மாடிக்குப் பக்கத்து ரூமிலும் வைக்காதீர்கள், வெயில் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.